அரை ஆயுட்காலமும் ஓர் அரிய தோல் புற்றுநோயும்

சில ஆண்டுகளுக்கு முன் கதிரியக்கச் சிதைவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வளைகோடு ஒன்றை வரைந்து, "ஓர் அரை ஆயுட்காலம் கழிந்தால் பாதி மிஞ்சும், இரண்டு கழிந்தால் கால் பங்கு, மூன்று கழிந்தால் அரைக்கால் பங்கு" என்று விளக்கினேன். மணி அடித்ததும் எல்லாரும் போய்விட்டார்கள். ஒரு மாணவன் மட்டும் நின்றான்.

"சார், ஒரு சந்தேகம். எங்க தாத்தாவுக்குக் கன்னத்துல ஒரு கட்டி வந்து ஆபரேஷன் பண்ணினாங்க. ஏதோ அபூர்வமான தோல் புற்றுநோயாம். மெர்க்கெல் செல்னு பேர் சொன்னாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருக்கறவங்க பாதிப் பேர்னு டாக்டர் சொன்னார். அப்படின்னா அரை ஆயுட்காலம் அஞ்சு வருஷம்தானே சார்? பத்து வருஷத்துல கால் பங்குதானா?"

அவன் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கை அந்த இடத்தில் போடலாமா என்பதுதான் கேள்வி. உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. "ஒரு வாரம் கொடுப்பா, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் தொடங்கிய படிப்பின் பயனே இக்கட்டுரை. மாணவ நண்பர்களே! நாளை உங்கள் வீட்டிலும் ஒரு மருத்துவர் இத்தகைய சதவீதம் ஒன்றைச் சொல்லக்கூடும். அதற்கு என்ன பொருள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதல்லவா?

தொடு உணர்வுச் செல்

உங்கள் விரல் நுனியால் இந்தத் தாளின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். விளிம்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிகிறது. இதற்குத் துணை புரிபவை தோலின் மேற்படலத்தின் அடிவரிசையில், நரம்பு நுனிகளை ஒட்டி அமைந்துள்ள சில தனிவகைச் செல்கள். ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் பணியாற்றிய பிரீட்ரிக் மெர்க்கெல் என்ற உடற்கூற்றியல் அறிஞர் 1875-இல் இவற்றை விவரித்தார். எனவே இவற்றுக்கு மெர்க்கெல் செல்கள் என்று பெயர்.

இவற்றின் சுவரில் அழுத்தம் பட்டால் திறக்கும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. வாயில் திறந்ததும் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மின் குறியீடு பிறக்கிறது. இத்தகைய வாயில்களைக் கண்டுபிடித்ததற்காக ஆர்டெம் பட்டபூட்டியன் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

நம் கதைக்கு வருவோம். 1972-இல் சிரில் டோக்கர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஐந்து நோயாளிகளின் தோல் கட்டிகளை விவரித்தார். அதுவரை அறிந்த எந்தத் தோல் புற்றுநோயோடும் அவை ஒத்துப்போகவில்லை. 1978-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் அக்கட்டிகளின் செல்களைப் பார்த்தபோது, மெர்க்கெல் செல்களில் காணப்படுவதைப் போன்ற அடர்ந்த நுண்மணிகள் தென்பட்டன. இதனால் இந்நோய்க்கு மெர்க்கெல் செல் புற்றுநோய் என்ற பெயர் நிலைத்தது. உண்மையில் மெர்க்கெல் செல்லிலிருந்துதான் இக்கட்டி தோன்றுகிறதா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

இது எவ்வளவு அரிது? அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாக, அதாவது 0.7 என்ற அளவில், இந்நோய் வந்தது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 பேர். வெயில் பட்ட வெளிர் நிறத் தோலில் இது மிகுதி. நம் போன்ற கருநிறத் தோலினரிடையே இன்னும் அரிது. ஆனால் அரிது என்பதால் இலேசானது என்று எண்ணிவிடக் கூடாது. தோல் புற்றுநோய்களுள் மிக வேகமாகப் பரவுவனவற்றில் இதுவும் ஒன்று.

ஐந்து உயிரெழுத்துகள்

கட்டி தோன்றும்போது அது பெரிய துன்பம் தருவதில்லை. கன்னத்திலோ, இமையிலோ, கையிலோ சிவப்பாக அல்லது ஊதா நிறமாக, வழவழப்பாக, கெட்டியாக ஒரு முண்டு. பார்ப்பவர்கள் கொழுப்புக் கட்டி என்றோ, பூச்சிக் கடி என்றோ விட்டுவிடுவார்கள். 195 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மருத்துவர்களே கூடப் பாதிக்கு மேற்பட்ட கட்டிகளை முதலில் தீங்கற்றவை என்று கருதியதாகக் காட்டியது.

அந்த ஆய்வாளர்கள் நினைவில் வைக்க ஓர் எளிய வழி சொன்னார்கள். ஆங்கில உயிரெழுத்துகளான ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்தையும் வரிசையாகக் கொண்டு ஐந்து அடையாளங்களைக் குறித்தார்கள். ஒன்று, வலியோ தொட்டால் நோவோ இல்லாமை. இரண்டு, விரைந்து பெரிதாதல். மூன்று, நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியிருத்தல். நான்கு, ஐம்பது வயதைக் கடந்திருத்தல். ஐந்து, வெயில் பட்ட வெளிர் தோலில் தோன்றுதல். பத்து நோயாளிகளில் ஒன்பது பேருக்கு இவற்றுள் மூன்றேனும் பொருந்தின.

வலிக்காத கட்டிதானே என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் வலிக்காமல் வேகமாக வளரும் கட்டியைத்தான் விரைந்து காட்ட வேண்டும்.

கழித்தல் கணக்கில் சிக்கிய வைரஸ்

நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவானேன்? சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாதபடி எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து தருவார்கள். அவர்களிடம் இந்நோய் பல மடங்கு கூடுதலாக இருந்தது. உடலின் காவல் தளரும்போது தலையெடுப்பது பெரும்பாலும் ஒரு கிருமிதான். அப்படியானால் இதற்கும் ஒரு கிருமி இருக்குமோ?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற தம்பதியரும் அவர்கள் குழுவினரும் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கையாண்ட முறை எளிய கழித்தல்தான். கட்டியின் செல்களில் உள்ள மரபுச் செய்திகளை லட்சக்கணக்கில் படித்தார்கள். மனித மரபணுத் தொகுப்பில் உள்ளவற்றோடு ஒத்துப்போகும் செய்திகளையெல்லாம் கழித்தார்கள். மனிதனுக்கு உரியதல்லாத செய்தி ஏதேனும் மிஞ்சினால் அது வெளியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். அப்படி மிஞ்சிய ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு போனபோது, அதுவரை எவரும் அறியாத வைரஸ் ஒன்று அகப்பட்டது. 2008-இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த பத்துக் கட்டிகளில் எட்டில் அந்த வைரஸ் இருந்தது. மெர்க்கெல் செல் பாலியோமா வைரஸ் என்று அதற்குப் பெயர்.

இந்த வைரஸ் ஏதோ காட்டிலிருந்து வந்ததன்று. வயது வந்தோரில் பெரும்பாலோர் தோலில் இது எந்தத் தீங்கும் செய்யாமல் இருந்து வருகிறது. மிக அரிதாக எப்போதோ ஒருமுறை அதன் மரபுப் பொருள் உடைந்து, நம் செல்லின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு அந்த வைரசால் பெருக முடியாது. ஆனால் அதன் புரதங்கள் செல்லை ஓயாமல் பிளந்து பெருகும்படி தூண்டிக்கொண்டே இருக்கும். வைரஸ் இல்லாத கட்டிகளும் உண்டு. அவற்றில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் விளைத்த மரபு மாற்றங்கள் ஏராளமாகக் காணப்படுகின்றன.

இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். கட்டியில் வைரசின் புரதமோ, வெயிலால் மாறிப்போன புரதமோ இருக்கிறது. இரண்டுமே உடலுக்கு அந்நியமானவை. பின்னால் இதுவே கைகொடுக்கப் போகிறது.

அறுவையும் கதிர்களும்

சிகிச்சையின் முதற்படி அறுவை. கட்டியை மட்டுமன்றி, அதைச் சுற்றி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் சில செல்கள் நிணநீர் வழியாக ஏற்கெனவே புறப்பட்டுப் போயிருக்கலாம். அவை முதலில் தங்கும் இடம் அருகிலுள்ள நிணநீர்க் கணு. கழுத்தில் இருக்கும் பல கணுக்களில் எது அந்த முதல் கணு என்று எப்படி அறிவது?

இங்கேதான் நம் இயற்பியல் துணைக்கு வருகிறது. டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்த நுண்துகள் நீர்மத்தைக் கட்டி இருந்த இடத்தைச் சுற்றி ஊசியால் செலுத்துகிறார்கள். நிணநீர் எந்த வழியே போகிறதோ அதே வழியே அதுவும் போய் முதல் கணுவில் தங்குகிறது. அது வெளியிடும் காமாக் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். ஒரு பேனா போன்ற உணர்கருவியைக் கழுத்தின் மேல் நகர்த்தினால், கணு இருக்கும் இடத்தில் எண்ணிக்கை விரைந்து ஏறும். அந்தக் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். டெக்னீஷியத்தின் அரை ஆயுட்காலம் ஆறு மணி நேரம். ஒரு நாளில் நான்கு அரை ஆயுட்காலம் கழிந்து, வீசம் பங்குதான் மிஞ்சும். ஆகவே நோயாளிக்குத் தீங்கு இல்லை.

கையால் தடவிப் பார்த்தும் ஒன்றும் தென்படாத நோயாளிகளிலும், இந்தச் சோதனையில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் கணுவில் நோய் இருப்பது தெரிய வருகிறது.

அடுத்தது கதிர்ச் சிகிச்சை. மெர்க்கெல் செல் புற்றுநோய் கதிர்களுக்கு எளிதில் பணியும் இயல்புடையது. தோலுக்கு அருகிலுள்ள நோய்க்கு எலெக்ட்ரான் கற்றை பொருத்தமானது. நேர்கோட்டு முடுக்கியிலிருந்து 6 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வரும் எலெக்ட்ரான், திசுவினுள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் சென்று நின்றுவிடும். எக்ஸ் கதிர்கள் அப்படி நிற்பதில்லை. ஆழம் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். நோய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்.

கதிரின் அளவை கிரே என்ற அலகால் சொல்வார்கள். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. இந்நோய்க்குப் பொதுவாக 50 முதல் 60 கிரே அளவு, நாளொன்றுக்கு 2 கிரே வீதம் பல வாரங்களில் தரப்படுகிறது. இது பெரிய ஆற்றலா? நீங்களே கணக்கிடுங்கள். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல் வேண்டும். 60 ஜூல் கொடுத்தால் வெப்பநிலை 0.014 டிகிரிதான் உயரும்! ஒரு வாய் சூடான காபி இதைவிட எத்தனையோ மடங்கு வெப்பத்தை உடலுக்குத் தருகிறது. கதிர் கொல்வது வெப்பத்தால் அன்று. அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து, செல்லின் மரபு இழையை அறுப்பதாலேயே அது கொல்கிறது. நல்ல செல்கள் இரவுக்குள் பெரும்பாலும் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றுச் செல்களால் அந்த அளவுக்கு இயலாது. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தருவதன் காரணம் இதுதான்.

வேறு உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் முன்பு வேதி மருந்துகளே கதி. கட்டிகள் பாதிக்கு மேற்பட்டோரிடம் சுருங்கும். பார்ப்பவர் மனம் மகிழும். ஆனால் பெரும்பாலும் மூன்று மாத அளவில் மீண்டும் வளரத் தொடங்கிவிடும்.

தடையை எடுத்த மருந்து

நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் டி செல்கள் என்ற வகை, அந்நியப் புரதம் உடைய செல்லைக் கண்டால் தாக்கி அழிக்கும். அப்படியானால் வைரஸ் புரதம் நிறைந்த இந்தக் கட்டியை அவை விட்டுவைத்தது ஏன்? டி செல்லுக்கு ஒரு தடை உண்டு, மாட்டு வண்டியைச் சரிவில் நிறுத்தி வைக்கும் தடைக்கட்டையைப் போல. போர் முடிந்த பிறகும் நல்ல செல்களைத் தாக்கிக்கொண்டிராதபடி இயற்கை வைத்த தடை அது. ஜப்பானிய அறிஞர் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992-இல் அத்தகைய தடை ஒன்றைக் கண்டறிந்தது. பி.டி-1 என்பது அதன் பெயர். புற்றுச் செல்கள் தம் மேற்பரப்பில் அதற்குப் பொருந்தும் புரதம் ஒன்றை வைத்துக்கொண்டு, வரும் டி செல்களையெல்லாம் நிறுத்திவிடுகின்றன.

அந்தப் பொருத்தத்தைக் குலைத்துவிட்டால்? டி செல் மீண்டும் நகரும். இக்கருத்தில் பிறந்த சிகிச்சைகளுக்காக ஹோஞ்சோவும் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனும் 2018-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். அவெலுமாப் என்ற மருந்து 2017 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மெர்க்கெல் செல் புற்றுநோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுதான். பெம்ப்ரோலிசுமாப் போன்ற வேறு மருந்துகளும் பின்னர் வந்தன.

இம்மருந்துகள் எல்லாருக்கும் பயன்படுவதில்லை. தடையை எடுத்த டி செல்கள் சிலருக்குக் குடலையோ, கல்லீரலையோ, தைராய்டையோ தாக்குவதும் உண்டு. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதிய உறுப்பே போய்விடும் அபாயம் இருக்கிறது. அளவறிந்து, கண்காணித்துத் தர வேண்டிய மருந்து இது.

வளைகோட்டைப் பாருங்கள்

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம்.

அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள்: நோய் தோன்றிய இடத்திலேயே இருந்தால் 51 சதவீதம், நிணநீர்க் கணுவுக்குப் போயிருந்தால் 35 சதவீதம், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் 14 சதவீதம். தாத்தாவுக்கு மருத்துவர் சொன்ன "பாதி" இந்த முதல் எண்தான்.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் மறைந்துள்ளன. முதலாவது, இந்நோயாளிகளில் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்தவர்கள். மாரடைப்பு, நிமோனியா என்று வேறு காரணத்தால் இறந்தவர்களும் இக்கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். மிச்சம் 49 சதவீதம் பேரும் இந்நோயாலேயே இறந்தார்கள் என்று பொருளன்று. இரண்டாவது, ஐந்தாண்டு கழித்து என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால், ஐந்தாண்டுக்கு முன்பாவது சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே இத்தகைய எண் எப்போதும் பழைய சிகிச்சையின் பலனையே சொல்லும். மேற்சொன்ன கணக்கு 2012 வரை நோய் கண்டவர்களுடையது. அவெலுமாப் அப்போது வரவில்லை.

இனி அரை ஆயுட்காலத்தைப் பார்ப்போம். ரேடியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். நேற்றுப் பிறந்த ரேடியம் அணுவும், ஆயிரம் ஆண்டு கடந்த ரேடியம் அணுவும் நாளை சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றுதான். அணுவுக்கு முதுமை இல்லை. கடந்த காலத்தின் நினைவும் இல்லை. பாதி, கால், அரைக்கால் என்று ஒழுங்காகக் குறையும் வளைகோடு இந்த நினைவின்மையிலிருந்து பிறப்பது. நோயாளி அப்படிப்பட்டவரா?

அமெரிக்காவில் 618 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 40 சதவீதம். ஆனால் அப்படித் திரும்பியவற்றில் ஏறத்தாழ 95 சதவீதம் முதல் மூன்று ஆண்டுகளிலேயே நிகழ்ந்தன. நூறு பேர் என்று வைத்துக் கணக்கிடுங்கள். எளிமைக்காக வேறு காரணத்தால் நேரும் இறப்பை விட்டுவிடுவோம். நோய் திரும்புகிறவர்கள் 40 பேர். அவர்களில் 38 பேருக்கு மூன்றாண்டுக்குள் திரும்பிவிடும். மூன்றாண்டைத் தாண்டி நலமாக நிற்பவர்கள் 62 பேர். அவர்களில் அடுத்த இரண்டாண்டில் திரும்புவது 2 பேருக்கு மட்டுமே. தொடக்கத்தில் நூற்றுக்கு நாற்பதாக இருந்த அபாயம், மூன்றாண்டைத் தாண்டியவருக்கு நூற்றுக்கு மூன்றாகக் குறைந்துவிடுகிறது! ரேடியம் அணுவுக்கு இந்தச் சலுகை இல்லை. எனவே அரை ஆயுட்காலக் கணக்கு இங்கே பொருந்தாது.

புதிய மருந்து அந்த வளைகோட்டின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. அவெலுமாப் மருந்தின் முதற்பெரும் சோதனையில் சேர்ந்தவர்கள் 88 பேர். அனைவருக்கும் நோய் பரவியிருந்தது. வேதி மருந்தும் பயனற்றுப் போயிருந்தது. அவர்களில் 28 பேருக்குக் கட்டிகள் நன்றாகச் சுருங்கின அல்லது மறைந்தன. பாதிப் பேர் இறக்க ஆன காலம் 12.6 மாதம். இதை இடைநிலைக் காலம் என்பார்கள். அரை ஆயுட்காலத்தைப் போலத் தோன்றுகிறதல்லவா? அப்படியே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் மிஞ்ச வேண்டியவர்கள், இரண்டாம் ஆண்டின் முடிவில் 27 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 14, நான்காம் ஆண்டில் 7, ஐந்தாம் ஆண்டில் 4.

உண்மையில் கண்டது என்ன? இரண்டாம் ஆண்டின் முடிவில் 36 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 32, நான்காம் ஆண்டில் 30, ஐந்தாம் ஆண்டில் 26.

இந்த இரு வரிசைகளையும் வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். முதல் ஆண்டில் இரண்டும் ஒன்றாகவே இறங்கும். பிறகு ஒன்று தரையை நோக்கிப் போகும். மற்றொன்று மேசையின் மேற்பரப்பைப் போலப் படுத்துவிடும். நூற்றுக்கு நான்கு என்று எதிர்பார்க்க வேண்டிய இடத்தில் இருபத்தாறு பேர்! "பாதிப் பேர் ஓராண்டில்" என்ற ஒரு சொற்றொடர் இரு வளைகோடுகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஓர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும்.

செய்து பாருங்கள்

தடித்த அட்டையிலிருந்து ஒரே அளவாக நூறு சிறு சதுரங்களை வெட்டுங்கள். ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் மை பூசுங்கள். டப்பாவில் போட்டுக் குலுக்கி மேசை மேல் கொட்டுங்கள். மைப் பக்கம் மேலே விழுந்தவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சியதை எண்ணி எழுதி, மீண்டும் குலுக்குங்கள். ஏறத்தாழ 50, 25, 12, 6, 3 என்று குறையும். இது கதிரியக்கச் சிதைவு.

அடுத்த ஆட்டத்தில் 75 சதுரங்களில் மட்டும் மை இருக்கட்டும். 25 சதுரங்களில் இரு பக்கமும் வெறுமையாக விடுங்கள். இவை ஒருபோதும் நீங்கா. எல்லாவற்றையும் கலந்து குலுக்குங்கள். இப்போது ஏறத்தாழ 62, 44, 34, 30, 27 என்று வரும். வளைகோடு இறங்கிப் பிறகு படுத்துவிடுகிறது, மருந்துச் சோதனையில் கண்டதைப் போலவே.

கொட்டியவுடன் வெறுமையான பக்கம் மேலே தெரியும் சதுரத்தைப் பாருங்கள். அதன் அடியில் மை உண்டா இல்லையா என்று திருப்பாமல் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் மூன்று குலுக்கலில் தப்பிய சதுரத்தை எடுத்தால், 34-இல் 25 என்ற வீதத்தில், அதாவது நான்கில் மூன்று பங்கு வாய்ப்போடு, அது இரு பக்கமும் வெறுமையான சதுரமாக இருக்கும். தொடக்கத்தில் இந்த வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். சதுரம் மாறவில்லை, அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது.

மனிதர் அட்டைச் சதுரம் அல்லர். இது ஒரு மாதிரி மட்டுமே. ஆயினும் மருத்துவர் சொல்லும் சதவீதம் ஒரு கூட்டத்தைப் பற்றியது என்பதை இது நன்கு விளக்கும். அந்தக் கூட்டத்தில் பல வகையினர் கலந்திருக்கிறார்கள். ஒருவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை, நோயின் நிலை, அவரது எதிர்ப்பு ஆற்றல், மருந்துக்கு அவர் உடல் காட்டும் விடை, கடந்து வந்த காலம் ஆகியவையே சிறிது சிறிதாக வெளிப்படுத்தும்.

என்ன கேட்க வேண்டும்?

ஒரு வாரம் கழித்து அந்த மாணவனை ஆசிரியர் அறைக்கு அழைத்தேன். நடந்ததையெல்லாம் சொல்லி, ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். "இந்தச் சதவீதம் நோயின் எந்த நிலைக்கு உரியது? எந்த ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு? வேறு காரணத்தால் இறந்தவர்களும் இதில் உண்டா? ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு நலமாகக் கடந்துவிட்டால் இந்த எண் எப்படி மாறும்?"

"தாத்தா பிழைத்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை" என்பதையும் சேர்த்தே சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 26 சதவீதம் என்றால் 74 பேர் இல்லை என்பதும் அதே எண்தான். முதல் மூன்றாண்டில் தவறாமல் சோதனைக்குப் போக வேண்டும்; அந்தக் காலத்தில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி; கழுத்தில் சிறு முண்டு தென்பட்டாலும் உடனே காட்ட வேண்டும். இவற்றை வலியுறுத்திச் சொன்னேன்.

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த முறை மருத்துவமனைக்குத் தாத்தாவோடு அவனும் போனான். முதல் கேள்வியைக் கேட்டதும் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தில் ஒரு வளைகோடு வரைந்து விளக்கினாராம். தாத்தாவுக்குக் கணுவில் நோய் இல்லை. கதிர்ச் சிகிச்சை முடிந்தது. அந்த மாணவன் பட்டம் பெற்று எங்கள் கல்லூரியை விட்டுப் போன நாளில், அவர் மூன்றாம் ஆண்டைக் கடந்து நலமாக இருந்தார்.

அரை ஆயுட்காலம் பற்றிய பாடத்தை இப்போதும் ஆண்டுதோறும் நடத்துகிறேன். வளைகோட்டை வரைந்து முடித்ததும், "இது நினைவில்லாத அணுக்களுக்கு மட்டும்" என்று அதன் அடியில் ஒரு வரி எழுதிவிடுகிறேன்.